முதல் பதிப்பு வெளிவந்தது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள சோதனையாளர்களுக்கும், மெஷ் (முப்பரிமாண மாதிரி) செய்து கொடுத்தவர்களுக்கும், "போதும், வெளியிடுங்கள்" என்று விடாமல் சொன்னவர்களுக்கும்,

ஆர்பிட்டர் 2016 என்ற இலவச விண்பறப்பு சிமுலேட்டருக்கான விண்ணோட (ஸ்பேஸ் ஷட்டில்) ஆட்-ஆன், அதாவது கூடுதல் தொகுப்பு, ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. சம்பளமில்லாத வேலை, ஆளுக்கு வாரத்தில் சில மணி நேரம். இதில் யார் எதைச் செய்தார்கள் என்பதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் விவரமாகவே எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை வெட்டியவருக்கு. விண்ணோடங்கள் 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தன. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. முதல் இரண்டு பயணங்களில் வெளித்தொட்டி வெள்ளை. மூன்றாவதிலிருந்து சுமார் 270 கிலோ மிச்சப்படும் என்று வெள்ளைப் பூச்சையே விட்டுவிட்டார்கள், தொட்டி ஆரஞ்சாயிற்று. 2000 மே மாதம் எஸ்டிஎஸ்-101 பயணத்தில்தான் பழைய முள் மீட்டர்கள் போய்ப் பதினோரு திரைகள் வந்தன. எல்லாம் வேண்டும் என்றால் காக்பிட்டே இரண்டு செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்துக்கு மேல் சுவிட்சுகளும் காட்டிகளும். புதிதாகச் சேருபவர் ஒவ்வொருவருக்கும் பிடித்த பயணம் ஒன்று உண்டு. அவர் வந்த வாரமே முன்னுரிமையும் மாறும். "எஸ்டிஎஸ்-125 மட்டும் செய்யுங்கள்" என்றவர் காரணமும் சொன்னார். 2009 மே 11-இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கக் கிளம்பிய அட்லான்டிஸ் அது. ஃபிரேம் வேகத்தை விழுங்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம் வேண்டாம், டாக்கிங் வேண்டாம். 13.2 மீட்டர் ஹபிளை இயந்திரக் கையால் பிடித்துச் சரக்கறைத் தாங்கியில் நிறுத்தினால் போதும். பாதிப் பட்டியல் அதோடு போயிற்று.

அடுத்து, பிழையை ஒழுங்காக எழுதி அனுப்பியவர்கள். "கிராஷ் ஆகுது" என்ற ஒற்றை வரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உங்களில் பலர் மூன்றும் அனுப்பினீர்கள்: ஆர்பிட்டர் லாக் கோப்பு, பிழைக்குச் சற்று முன் கன்ட்ரோல்-எஸ் அடித்துச் சேமித்த சினாரியோ (அந்நேரத்து நிலையைக் காக்கும் கோப்பு), அதற்குப்பின் அழுத்திய விசைகள் வரிசையாக. முறையாக வெளியேறினால்தான் ஆர்பிட்டர் கடைசி நிலையைத் தானாக எழுதிவைக்கும். கிராஷில் அது நடக்காது. அந்த கன்ட்ரோல்-எஸ் இல்லாவிட்டால் தேடுவதற்கு நூல்முனைகூட இருந்திருக்காது.

சரக்கறைக் கதவைத் திறந்தால் ரேடியேட்டர் ஆடிய கதை உங்களுக்கு நினைவிருக்கும். அனிமேஷன்கள் மெஷ் குழுக்களை, அதாவது மாதிரியின் பாகங்களை, எண்ணால்தான் கூப்பிடுகின்றன. நடுவில் ஒரு புதுக் குழு நுழைந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஓர் எண் தள்ளிப்போகும். லாக்கில் பிழை என்று ஒரு வரியும் வராது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடித்தவருக்குத் தனி வணக்கம். இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் லேபிள் உண்டு. ஏற்றுமதி செய்யும்போதெல்லாம் எஸ்டிகே-யில் (ஆர்பிட்டரின் நிரலாக்கக் கருவித்தொகுப்பு) இருக்கும் மெஷ்சி கருவியை ஓட்டி, லேபிளுக்கு எண் தரும் ஹெடர் கோப்பைப் புதுப்பிக்கிறோம். கோடில் வெறும் எண் எங்கும் இல்லை.

ஏவுதளத்தில் அடுக்கு (ஓடம், தொட்டி, பூஸ்டர்கள் எல்லாம் சேர்ந்தது) முக்கால் மீட்டர் புதைந்ததைச் சரிசெய்தவர் கணக்கோடு வந்தார். தரையிறங்கும்போது எடை 100 டன், மூன்று தொடுபுள்ளிகள், 10 சென்டிமீட்டர் அமுங்கல் என்றால் புள்ளிக்கு விறைப்பு மீட்டருக்கு 32.7 லட்சம் நியூட்டன். அதே எண்ணை 2,000 டன் அடுக்கைத் தாங்கும் எட்டுப் பிடிப்பு போல்ட்டுகளுக்கும் போட்டிருந்தோம். அங்கே வேண்டியது 2.45 கோடி. எடை மாறும் கட்டத்தில் தொடுபுள்ளிகளையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

பழைய லேப்டாப்பில் நொடிக்கு 20 ஃபிரேமில் ஓட்டிப் பார்த்தவர் இல்லையென்றால் தானியங்கிக் கட்டுப்பாடு சந்தி சிரித்திருக்கும். பெரிய திசைமாற்று உந்திகளின் குறைந்தபட்சத் துடிப்பு 80 மில்லிநொடி. 20 ஃபிரேமில் நேரத்தைப் பத்து மடங்காக்கினால் ஒரு கணக்கீட்டுப் படியே அரை நொடி. உந்தி ஆறு மடங்கு அதிகம் எரியும், ஓடம் மறுபக்கம் சாயும், எதிர் உந்தி எரியும், எரிபொருள் தீரும். இப்போது 0.08-ஐப் படி நீளத்தால் வகுத்து, உந்தியின் முழு விசையில் அந்தப் பங்கே கொடுக்கிறோம்.

காக்பிட் பின்பலகைச் சர்க்யூட் பிரேக்கர் எழுத்துகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். 4096 பிக்சல் டெக்ஸ்சர் (மாதிரியின் மேல் ஒட்டும் படம்) ஒன்று சுருக்கிய பிறகும் 16 எம்பி. 2048 என்றால் 4 எம்பி. இரண்டையும் பெயர் மறைத்துச் சோதனையாளர்களிடம் கொடுத்தவர் கெட்டிக்காரர். இருக்கையிலிருந்து பார்த்து யாராலும் எது எது என்று சொல்ல முடியவில்லை. அந்த எழுத்துருவைத் திருத்தவே மாதக்கணக்கு போயிருந்தது, பாவம். அதன்பின் வந்ததுதான் அவர் முன்வைத்த விதி: ஏவுதல் முதல் தரையிறக்கம் வரை பறப்பதைத் தடுப்பதும், சேமித்துத் திறந்தால் சுவிட்ச் நிலை மாறுவதும் மட்டுமே வெளியீட்டை நிறுத்தும். மற்றதெல்லாம் அடுத்த பதிப்புக்கு.

2000-இல் ஆர்பிட்டரை இலவசமாகத் தந்து, 2021-இல் மூல நிரலையும் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்ட மார்ட்டின் ஷ்வைகருக்கு என்றும் நன்றி. மூலம் திறந்ததும் 64-பிட்டுக்குத் தாவும் ஆசை எங்களையும் பிடித்தது. எங்கள் 32-பிட் டிஎல்எல் (ஆட்-ஆனின் நிரல் கோப்பு) அதில் ஏறாது, எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்து சோதிக்க வேண்டும். அதைத் தனிக் கிளையில் போட்டுப் பூட்டிய நண்பருக்கும் நன்றி.

இயந்திரக் கையின் மணிக்கட்டு சில கோணங்களில் திடீரென்று புரள்வது இன்னும் இருக்கிறது, தெரிந்தே விட்டிருக்கிறோம். அதைத் தவிர வேறு ஏதாவது ஆடினால் லாக்கும் சினாரியோவுமாக அனுப்புங்கள்.

நன்றியுடன்,
ஆட்-ஆன் குழுவினர்