செட்டிநாட்டுப் பலகாரக்காரங்க எல்லாருக்கும், அச்சு பிளேட் போடுற ஒருத்தனோட திறந்த மடல்

ஆச்சிமாருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல்னு நம்ம சுத்துவட்டாரத்துல தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, கைமுறுக்குன்னு போட்டு பாக்கெட் பண்ணி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புற எல்லாருக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன். உங்க கவரும் அட்டைப்பெட்டியும் எந்த பிளேட்ட வச்சு அச்சாகுதோ அந்த பிளெக்சோ பிளேட்ட, அதாவது மை தடவி அழுத்துற ரப்பர் மாதிரி அச்சுத் தகட்ட, செய்யிற தொழில்ல இருக்கேன். உங்ககிட்ட கேக்குறது ஒன்னுதான், டிசைன் போடும்போதே பிளேட்ட மனசுல வச்சுப் போடுங்க, பிளேட் செய்ய ஒரு முழு நாள் குடுங்க. இந்த ரெண்டும் இல்லாததுனாலதான் உங்க கவர்ல தமிழ் கெட்டுப்போய் நிக்குது.

நம்பிக்கை இல்லனா கடைத்தெருவுல ஒரு அலமாரி முன்னாடி நின்னு பாக்கெட்டப் பொரட்டிப் பாருங்க. முன்பக்கம் பெரிய எழுத்துல பேரு நல்லாத்தான் இருக்கும். பின்பக்கம் சேர்மானப் பொருள் எழுதியிருக்க எடத்துல "எண்ணெய்"ல ரெண்டு புள்ளியும் இருக்காது, "உப்பு"ல புள்ளி பாதி இருக்கும், "ண"வும் "ஞ"வும் உள்ள மை அடைச்சு கறுப்புக் கட்டியா இருக்கும். சாப்பிடுற பொருள்ல என்ன போட்டிருக்குன்னு படிக்க முடியலன்னா அது வெறும் அழகுப் பிரச்சனை இல்ல, வேர்க்கடலை ஒத்துக்காத பிள்ளைக்கு அம்மா அந்த வரியத்தான் தேடிப் பாப்பா.

இது ஏன் நடக்குதுன்னு புரியணும்னா பிளேட் எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் தெரியணும். அந்தக் காலத்துல ரப்பர்ல ஸ்டீரியோன்னு அச்சுத் தகடு போடுவாங்க, 1970-கள்ல டூபாண்ட் கம்பெனி சைரல்னு போட்டோபாலிமர் பிளேட் கொண்டுவந்ததுக்கு அப்புறம் இந்தத் தொழிலே மாறிப்போச்சு. பிளேட்டுன்னு நாங்க சொல்றது ரப்பர் மாதிரி வளையிற ஒரு ஷீட், கீழ பாலியஸ்டர், மேல வெளிச்சம் பட்டா இறுகுற பாலிமர். உள்ள ஸ்டைரீனும் ஐசோப்ரீனும் சேந்த ரப்பர், அக்ரிலேட் மோனோமர், கூட கொஞ்சம் போட்டோஇனிஷியேட்டர் இருக்கும், யூவி (புற ஊதா) வெளிச்சம் பட்டவுடனே அந்த இனிஷியேட்டர் உடைஞ்சு மோனோமர் எல்லாத்தையும் ஒன்னோட ஒன்னு கோத்து விட்டுரும், கோத்த எடம் சால்வென்ட்ல கரையாது, கோக்காத எடம் கரைஞ்சு போயிரும், அவ்வளவுதான் சூட்சுமம். நாங்க பயன்படுத்துறது யூவி-ஏ டியூப், 365 நானோமீட்டர் சுத்தி வர்ற வெளிச்சம். அதனாலதான் பிளேட் ரூம்ல மஞ்ச லைட்டு மட்டும் எரியும், ஜன்னல மூடியே வச்சிருப்போம்.

மொதல்ல பிளேட்ட கவுத்துப் போட்டு பின்பக்கமா வெளிச்சம் குடுப்போம், அதுல அடித்தளம் இறுகும். அப்புறம் நிமித்தி, மேல நெகட்டிவ் பிலிம் வச்சு, வாக்குவம் இழுத்து, மெயின் எக்ஸ்போஷர், அதாவது எழுத்து இறுகுறதுக்கான முக்கிய வெளிச்சம் குடுப்போம். டிஜிட்டல் பிளேட்டுனா பிலிம் கெடையாது, மேல இருக்க கறுப்பு மாஸ்க் லேயர லேசர் சுட்டு எடுத்துரும். பெறகு பிரஷ் போட்டு சால்வென்ட்ல கழுவணும், ஓவன்ல காய வைக்கணும், ஓய்வு குடுக்கணும், கடைசியா இன்னொரு தடவ யூவி-ஏ, கூடவே பிசுபிசுப்பு போக யூவி-சி.

இப்ப நம்ம புள்ளிக்கு வர்றேன். பிளேட்ல ஒரு எழுத்து நிக்கிறது மேல மட்டும் இல்ல, வெளிச்சம் உள்ள போகப் போக விரியிறதுனால கீழ அகலமா ஒரு கூம்பு மாதிரி எறங்கி அடித்தளத்தோட ஒட்டும். கோடு ஒன்னு இருந்தா அதோட நீளம் முழுக்க அந்தச் சரிவு தாங்கிப் பிடிக்கும், மெல்லிசா இருந்தாலும் நிக்கும். தனியா நிக்கிற புள்ளிக்கு அக்கம்பக்கத்துல ஒரு தொணையும் கெடையாது, அதோட கூம்பு மட்டுந்தான். மெயின் எக்ஸ்போஷர் கொஞ்சம் கொறஞ்சா கூம்பு அடித்தளம் வரைக்கும் எறங்கி ஒட்டாது, பின்பக்க எக்ஸ்போஷர் கொறஞ்சா அடித்தளமே ஆழத்துல போயிரும், ரெண்டுல எது நடந்தாலும் கழுவும்போது பிரஷ்ல பட்டு புள்ளி பிச்சுக்கிட்டுப் போயிரும். இங்கிலீஷ்ல "i" மேலயும் "j" மேலயும் மட்டும் புள்ளி வரும், நம்ம தமிழ்ல ஒரு வரிக்கு எத்தன மெய்யெழுத்து வருதோ அத்தன புள்ளி. பிளெக்சோ பிளேட்டுக்கு ரொம்ப கஷ்டமான விஷயம் எதுவோ அதையே நம்ம எழுத்து வார்த்தைக்கு வார்த்தை கேக்குது. இங்கிலீஷ் லேபிள்ல எந்த சைஸ் ஒழுங்கா வந்துச்சோ அதே சைஸ்ல தமிழ அடிச்சா வராதுங்கறத தயவுசெஞ்சு டிசைனர்கிட்ட சொல்லுங்க.

அளவு வேணும்னா சொல்றேன். கவருக்குப் போடுற 1.14 மில்லிமீட்டர், 1.70 மில்லிமீட்டர் மெல்லிசு பிளேட்ல தனிப் புள்ளி சுமார் 0.2 மில்லி வரைக்கும் நிக்கும்னு கம்பெனிக்காரங்க குடுப்பாங்க, கோடு 0.1 மில்லி வரைக்கும். 6 பாயிண்ட்ல அடிச்ச தமிழ் எழுத்தோட புள்ளி கிட்டத்தட்ட அந்த எல்லையிலதான் வந்து நிக்கும், அதாவது எல்லாமே கச்சிதமா இருந்தா தப்பிக்கும், டியூப் கொஞ்சம் பழசானாலும் போயிரும். அட்டைப்பெட்டிக்குப் போடுற 3.94 மில்லி தடிமன் பிளேட்ல தனிப் புள்ளிக்கு 0.75 மில்லி வேணும். பெட்டி மேல சின்ன எழுத்துல முகவரி கேக்குறவங்க ஒரு ஸ்கேல எடுத்து அந்த முக்கால் மில்லிய ஒரு தடவ பாத்துருங்க.

அப்ப எக்ஸ்போஷர கூட்டி வச்சுட்டாப் போச்சேன்னு கேப்பீங்க. கூட்டினா வெளிச்சம் பக்கவாட்டுல சிதறி, திறந்து இருக்க வேண்டிய குழியெல்லாம் இறுகி மேடாகிரும். செவப்புப் பட்டையில வெள்ளை எழுத்து கேக்குறீங்கல்ல, அந்த வெள்ளை எழுத்து முழுக்க பிளேட்ல குழி. அந்தக் குழி ஆழமில்லாம போயி மை அடைச்சுக்கும். ஒரே பிளேட்ல ஒரு பக்கம் குட்டி கறுப்பு எழுத்தும் இன்னொரு பக்கம் குட்டி வெள்ளை எழுத்தும் இருந்தா, புள்ளியக் காப்பாத்த நேரத்தக் கூட்டணும், வெள்ளை எழுத்தக் காப்பாத்த நேரத்தக் கொறைக்கணும், ரெண்டையும் ஒரே எக்ஸ்போஷர்ல எவனாலயும் பண்ண முடியாது. அதனால சேர்மானம், முகவரி, 14 இலக்க லைசன்ஸ் நம்பர் எல்லாத்தையும் வெள்ளைத் தரையில ஒத்தக் கலர்ல நல்ல தடிமனான எழுத்துல வையுங்க. ரெண்டு கலர் சேந்து வர்ற மாதிரி குட்டி எழுத்து வைக்கவே வேணாம், ரெஜிஸ்டர், அதாவது ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உக்கார்றது, ஒரு முடி அளவு தள்ளுனா படிக்க முடியாது.

ஆத்தங்குடி தரைக்கல்லு டிசைன கவர்ல போட எல்லாருக்கும் ஆச, எனக்கும் அது பாக்க ரொம்பப் பிடிக்கும். ஆனா பிளேட்ட சிலிண்டர்ல சுத்தும்போது மேல்பக்கம் இழுபடும். 300 மில்லி சுத்தளவு, 1.70 பிளேட்டுனா சுத்துற திசையில கிட்டத்தட்ட 3 சதவீதம் நீளும், அத முன்கூட்டியே சுருக்கி வச்சுத்தான் நாங்க பிலிம் எடுப்போம். எந்த மெஷின்ல எந்த சிலிண்டர்ல ஓடப்போகுதுன்னு சொல்லாம "பிளேட் மட்டும் குடுங்க, அச்சு எங்க அடிக்கிறதுன்னு அப்புறம் பாத்துக்குறோம்"னு கேட்டா வட்டம் முட்டையாகித்தான் வரும். ஆத்தங்குடிப் பூ மட்டும் இல்ல, சைவ உணவுக்குப் போடுற பச்சை வட்டமும் அப்படித்தான். அது 100 சதுர செமீ வரைக்கும் உள்ள முகப்புல கொறஞ்சது 3 மில்லி விட்டம் இருக்கணும்னு உணவுப் பாதுகாப்பு விதியிலயே இருக்கு, டிசைனர் எடம் பத்தலன்னு அத சுருக்க விடாதீங்க. பார்கோடு கோடுகள பிளேட் ஓடுற திசையிலயே வைக்கச் சொல்லுங்க, குறுக்க வச்சா அழுத்தத்துல கோடு தடிச்சு ஸ்கேன் ஆகாது.

அடுத்தது நேரம். காலையில வாட்ஸ்அப்ல படம் வரும், சாயங்காலம் பிளேட் வேணும்பாங்க. கழுவுனதும் பிளேட் சால்வென்ட்டக் குடிச்சு ஊறுன அரிசி மாதிரி உப்பியிருக்கும். 60 டிகிரி ஓவன்ல ரெண்டு மணி நேரமாவது காயணும், அதுக்கு மேல ராத்திரி முழுக்க சும்மா கெடக்கணும், அப்பத்தான் உள்ள இருக்கறது வெளிய போயி தடிமன் எல்லா எடத்துலயும் ஒன்னாகும். அவசரத்துக்குக் குடுத்தா ஒரு ஓரம் உசந்தும் ஒரு ஓரம் தாழ்ந்தும் இருக்கும், மெஷின்காரர் தாழ்ந்த எடம் பதியணும்னு அழுத்தத்தக் கூட்டுவார், உசந்த எடத்துல எழுத்து நசுங்கி ஊதிப்போகும், கடைசியில எல்லாரும் மையக் கொற சொல்லுவாங்க.

வெலையப் பத்தியும் பேசிடுறேன். பக்கத்து ஊர்ல கம்மியாப் போடுறாங்கன்னு சொல்றவங்க, அங்க கழுவுன சால்வென்ட் எங்க போகுதுன்னும் கேளுங்க. பெர்குளோரோஎத்திலீன்னு ஒரு சால்வென்ட் வச்சுக் கழுவுற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு. அது தண்ணிய விட கனம், மண்ணுல ஊத்துனா கீழ எறங்கி நிலத்தடித் தண்ணியோட அடியில போயி ஒக்காந்துக்கும், மனுஷனுக்கு புத்துநோய் வரவைக்க வாய்ப்பு இருக்கறதா உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தி வச்சிருக்கு. மழத்தண்ணிய கூரையில இருந்து புடிச்சு முத்தத்துல எறக்கி ஊருணி வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்த ஊரு இது, அந்த மண்ணுல இத ஊத்துறத என்னால ஒத்துக்க முடியாது. காய்ச்சி வடிச்சு திரும்பப் பயன்படுத்துறதுக்கும், தண்ணியிலயே கழுவுற பிளேட்டுக்கு மாறுறதுக்கும் செலவாகும், அந்தச் செலவு வெலையில கொஞ்சம் தெரியத்தான் செய்யும். தண்ணிப் பிளேட்டுல கழுவுன தண்ணியக் கூட வடிகட்டித்தான் விடணும்.

ஃபைல் குடுக்கும்போது போட்டோ எடுத்து அனுப்பாதீங்க. பிடிஎஃப்பா குடுங்க, எழுத்த அவுட்லைனா, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமா, மாத்திக் குடுங்க. பாமினி, வானவில்னு பழைய எழுத்துருல அடிச்சத அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா எல்லாம் கலைஞ்சு வரும், அத நாங்க கண்ணால பாத்து திருப்பி அடிச்சா உங்க ஊர்ப்பேரே மாறிப்போற ஆபத்து இருக்கு.

அச்சு முடிஞ்சதும் பிளேட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போறவங்க தயவுசெஞ்சு வளவுல வெயில் படுற மாதிரி சாத்தி வைக்காதீங்க. மைய நல்லா தொடச்சு, காய வச்சு, மடிக்காம, இருட்டான எடத்துல படுக்கப் போட்டு வையுங்க, பக்கத்துல மோட்டார் ஓடுற எடம் வேணாம், அதுல வர்ற ஓசோன் பிளேட்ல வெடிப்பு விட வைக்கும். டொலுவின்னு ஒரு சால்வென்ட் அதிகமா கலந்த மைய ஓட்டுனா பிளேட் ஊதும்னு அச்சுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க. ஒழுங்கா வச்சுக்கிட்டா அடுத்த ஆர்டருக்கும் அதே பிளேட் ஓடும், உங்க காசுதான் மிச்சம்.

தீபாவளிக்கு கவர் வேணுங்கிறவங்க ஆடி மாசத்துலயே ஃபைல அனுப்புங்க. அச்சடிக்கிற அதே சைஸ்ல ஒரு தாள்ல புரூஃப் எடுத்துத் தர்றோம், வீட்டுல இருக்க பெரிய ஆச்சிகிட்ட குடுத்து கண்ணாடி போட்டு சத்தமா படிக்கச் சொல்லுங்க, அவுக தடுமாறுற எடத்துல எல்லாம் பேனாவால வட்டம் போட்டு அந்தத் தாளயே திருப்பி அனுப்புங்க, அத சரி பண்ணிட்டுத்தான் பிளேட் போடுவோம்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு பிளேட் தொழிலாளி