முதலில் ஒரு கிண்ணம் காய்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனை வைத்த பிறகும் நீ சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. காய் நறுக்க நேரமில்லை, அதனால் தினமும் ஒரு விட்டமின் மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்றாய். நேரில் சொன்னால் "சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உடம்பில் ஏதோ குறை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மாத்திரை போடத்தான் வேண்டும். காய்க்குப் பதிலாக மாத்திரை என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கி, புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்து பின்லாந்தில் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். மொத்தம் 29,000 பேருக்கு மேல். காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததைப் பார்த்து வந்த யோசனை அது. 1994-இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை போட்டவர்களுக்கு நோய் கூடியிருந்தது. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நீ புகைபிடிக்கிறவனும் இல்லை. காயில் நார், நீர், பொட்டாசியம், இன்னும் எத்தனையோ சேர்ந்தே வருகின்றன. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று நம்பிவிடாதே.

எனக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தபோது பிஸ்கட், இனிப்பு, பொரித்தது எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. நாள் முழுக்க அதே நினைப்பு. அப்புறம் எதையும் விலக்காமல், சாப்பாட்டுக்கு முன் ஒரு கிண்ணம் காய் என்று மட்டும் வைத்துக்கொண்டேன். வெள்ளரி, கேரட், தக்காளி, மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. பச்சைக் கேரட்டை மெல்லாமல் விழுங்க முடியாது. கிண்ணம் காலியாகப் பத்து நிமிடம் ஆகிவிடும், அதற்குள் பசியின் வேகம் தணிந்துவிடும். அப்புறம் தட்டில் தானாகவே குறைவாகத்தான் போட்டுக்கொள்வேன். இரண்டு மாதம் போன பிறகு ஒரு சாயங்காலம் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால், முந்தின வாரம் வாங்கியது அப்படியே இருந்தது. யாரும் தடுக்கவில்லை, நானாக மறந்திருக்கிறேன். இதை எந்த மாத்திரை செய்யும், சொல்.

ரத்த அழுத்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை. ஆனால் காய் பழத்தில் உள்ள பொட்டாசியம், உப்பிலுள்ள சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவுகிறது. நார்ச்சத்து நம் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவு. அவை அதைப் புளிக்க வைத்து உண்டாக்கும் அமிலங்களில் ஒன்றுதான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய உணவு. படிக்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒன்று மட்டும் கவனம். ஆர்வத்தில் முதல் வாரமே நிறையச் சாப்பிட்டு வயிறு உப்பி அவதிப்பட்டேன். நீ பாதிக் கிண்ணத்தில் ஆரம்பி, வாரம் வாரம் கூட்டு, தண்ணீரும் நிறையக் குடி.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது காயும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, ஒரு கிண்ணம் பீன்ஸ் என்றால் ஏறக்குறைய வந்துவிடும். ஆரஞ்சைப் பிழிந்து குடிக்காமல் சுளையாகவே சாப்பிடு, பிழிந்தால் நாரில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். நேரமில்லாத நாளில் உறைந்த பட்டாணி போதும். பறித்த சூட்டில் உறைய வைப்பதால் சத்து பெரிதாகக் குறையாது.

போன முறை வந்தபோது உன் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஒரு கீரைக்கட்டு பையோடு அழுகி, கருத்த நீர் விட்டுக் கிடந்தது. வாங்க வேண்டும் என்ற எண்ணம் உனக்கு இருக்கிறது. கண்ணில் படாததால்தான் மறந்துபோகிறாய். கேரட்டும் பீன்ஸும் வாங்கி வந்த அன்றே கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கிக் கண்ணாடி டப்பாவில் போடு. கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி மேல் தட்டில் வை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்பேன்.

அன்புடன்,
அம்மா