படிவம் இத்துடன் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

உன் பிரிண்டர் பழுதென்று மருமகள் அனுப்பிய தாள்களை அச்செடுத்துவிட்டேன். பதினாலு பக்கம். ஒப்பந்தம், கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல், உடல்நலப் படிவம் எல்லாம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. நீ செப்டம்பரில் அலாஸ்காவுக்கு மூஸ் மான் வேட்டைக்குப் போகிறாய் என்பதே அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. சரி, விடு. நாற்பத்திமூன்று வயதுப் பிள்ளை அப்பனைக் கேட்டுக்கேட்டா எல்லாம் செய்யும். ஆனால் உனக்குத் தெரிந்த ஆட்களில் மூஸ் வேட்டைக்குப் போய்வந்தவன் நான் ஒருவன்தான், அது ஒரு தரமாவது உனக்கு ஞாபகம் வந்திருக்கலாம்.

ஒப்பந்தத்தை வடிவாக வாசித்தேன், இரண்டு தரம். நல்ல ஆளாகத்தான் பிடித்திருக்கிறாய். அமெரிக்கக்காரன் என்றால் அங்கே மூஸுக்கு கைட், அதாவது வேட்டை வழிகாட்டி, இல்லாமலே போகலாம், பழுப்புக் கரடிக்கும் மலை ஆட்டுக்கும் டால் காட்டுச் செம்மறிக்கும்தான் அவனுக்குக் கட்டாயம். நாங்கள் கனடாக் குடிமக்கள், எங்களுக்கு எந்தப் பெரிய மிருகத்துக்கும் கைட் வேண்டும். இது தெரியாமல் சில பேர் டிரான்ஸ்போர்ட்டரிடம் காசைக் கட்டிவிட்டு முழிக்கிறார்கள். டிரான்ஸ்போர்ட்டர் விமானத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவான், திரும்ப ஏற்றிவருவான், வேட்டையில் கூட நிற்க அவனுக்கு அனுமதி இல்லை. உன்னுடைய ஆளுக்கு கைட் உரிமம் இருக்கிறது, எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டேன். நீ போகிற பகுதி அவருடைய பெயரில் பதிந்த பகுதியா என்று மட்டும் கேட்டுக்கொள். அப்புறம், கொம்போடு திரும்பினவர்களின் தொலைபேசி எண்ணை எந்தக் கைட்டும் தருவான், வெறுங்கையோடு திரும்பின இரண்டு பேரின் எண்ணைக் கேள். அவர்களோடு கதைத்தால்தான் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

ரைபிளுக்கு அமெரிக்கத் துப்பாக்கித் துறையான ஏ.டி.எஃப்.-இன் படிவம் 6NIA இப்போதே போட்டுவிடு, வெளிநாட்டுக்காரர் துப்பாக்கியோடு அமெரிக்காவுக்குள் போக அது கையில் இருக்க வேண்டும், வரக் கிழமைக்கணக்கில் பிடிக்கும். இந்த மாதிரிப் படிவங்களில் நீ கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரியும். எட்டு வயதில் என்னுடைய வரிப் படிவத்தில் கூட்டல் பிழை கண்டுபிடித்தவன் நீ. உடல்நலப் படிவத்தையும் அதே கவனத்தோடு நிரப்பு, முக்கியமாக மூன்றாம் பக்கம்.

நீ 60 அங்குலக் கொம்பு வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். ஐந்தடி. அம்மா வந்து சுவரை ஏன் கிறுக்குகிறீர்கள் என்று ஏசிக்கொண்டே அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று பார்த்தாள், தலைமயிர்கூட இடிக்கவில்லை, சரியாக அவள் உயரம். உன் அம்மாவைக் குறுக்கே தலையில் வைத்துக்கொண்டு ஒரு மிருகம் மரங்களுக்குள்ளே நடக்கிறது என்று நினைத்துப் பார். அவளுக்கு ஏன் அளக்கிறேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது.

60 கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, 50-ஐ மட்டும் பிழை விடாதே. அங்கே வெளியாட்களுக்குப் பெரும்பாலான இடங்களில் கொம்பின் அகலம் 50 அங்குலமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்துக்கு முன்னால் நீளும் கிளைகள் ஒரு பக்கத்திலாவது மூன்றோ நாலோ இருக்க வேண்டும், அது இடத்துக்கு இடம் மாறும். தூரத்தில் நின்று அகலத்தைக் கண்ணால் மதிப்பது பழகினவர்களுக்கே சறுக்கும். பக்கவாட்டில் நிற்கிற மூஸ் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும். அது தலையைத் திருப்பும்வரை பொறு, கிளைகளை எண்ணு, கைட் சொன்னாலும் நீயும் எண்ணு. சுடுகிற விரல் உன்னுடையது.

பொறுமையில் உனக்குக் குறைவில்லை. ஒன்பது வயதில் என்னோடு வாத்துக்கு வந்து நாணலுக்குள் நாலு மணி நேரம் இருமாமல் உட்கார்ந்தவன் நீ, கூட வந்த பெரியவர்கள்தான் நெளிந்தார்கள். செப்டம்பர் கடைசியில் ஆண் மூஸ் இணை தேடி அலையும். அந்த நேரத்தில் பெண் மூஸ் மாதிரிக் குரல் கொடுத்தும், காய்ந்த தோள்பட்டை எலும்பால் பற்றையை உரசியும் கூப்பிடுவார்கள், இன்னொரு ஆண் வந்து கொம்பைத் தேய்க்கிறது என்று நினைத்து அது வரும். ஒரு முறை கூப்பிட்டுவிட்டு அரை நாள்கூடக் காத்திருக்க நேரும். அதற்குக் கண் மட்டு, மூக்கும் காதும் பயங்கரம். காற்று உன் முதுகில் பட்டால் எழுந்து இடத்தை மாற்று.

எனக்கு நடைதான் யோசனை. அது பாதையில் நடப்பது போலில்லை தம்பி. சதுப்பு முழுக்கப் புல் கட்டி கட்டியாக, மனிதத் தலை அளவுக்கு எழும்பி நிற்கும், மேலே கால் வைத்தால் சரியும், நடுவே வைத்தால் முழங்கால்வரை தண்ணீர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் போகும். சுட்ட பிறகுதான் உண்மையான வேலை. பெரிய ஆண் மூஸில் ஐந்நூறு இறாத்தல் இறைச்சி வரும், ஒரு பின்னங்கால் மட்டும் நூறு இறாத்தல் தாண்டும். சாப்பிடக்கூடிய இறைச்சி முழுவதையும் வெளியே கொண்டுவராமல் கொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கே குற்றம், கொம்பு கடைசிச் சுமையோடுதான் வர வேண்டும். அதனால்தான் ஆற்றிலிருந்து தூரத்தில் சுடாதே, மூஸ் தண்ணீருக்குள் நிற்கும்போது ஒருபோதும் சுடாதே என்பார்கள். கைட் சுமப்பார், உதவிக்கு ஆள் இருக்கும், எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இருந்தாலும் நீ சும்மா நிற்கமாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும். மூடுபனி இறங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு விமானம் வராது, யாருக்கு என்ன என்றாலும் வராது. இதெல்லாம் கைட்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர் அதற்கேற்ற இடத்தைத் தெரிவார், ஆற்றங்கரை முகாமாகப் போடுவார், படகில் கூட்டிப்போவார். அதற்குத்தான் அந்த மூன்றாம் பக்கம். விமானத்தில் போய் இறங்கிய அன்றைக்கு யாரும் சுடக்கூடாது, மறுநாள் விடிய 3 மணி தாண்ட வேண்டும் என்று அங்கே சட்டம். நல்ல சட்டம். அன்றைக்குக் கூடாரத்தில் படுத்துத் தூங்கு.

மார்ச்சில் நீயும் மருமகளும் எங்கே போய்வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளை ஏசாதே. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் அம்மாவோடு இரண்டு வசனம். அம்மா உனக்கு வேலை கூடிப்போச்சு என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அப்பா சுட்ட மரம் கதை ஞாபகம் இருக்கும். மறக்க விட்டால்தானே, எந்தக் கல்யாணவீட்டிலும் யாராவது தொடங்கிவிடுவார்கள், நீயும் தங்கச்சியும் சின்ன வயதில் உருண்டு சிரித்த கதை. 1994 அக்டோபர், ஒன்டாரியோவில் கொக்ரேனுக்கு வடக்கே, வேலையிடத்து ஆட்களோடு போய், மூஸ் என்று நினைத்து அப்பா ஒரு டமராக் மரத்தைச் சுட்டார்.

நான் மரத்தைச் சுடவில்லை. மூஸைத்தான் சுட்டேன், பட்டது. ஈரச் சாக்கை மட்டையால் அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது விழவில்லை, ஓடவுமில்லை, ஒன்றும் நடக்காதது போல நின்றது, அவை அப்படித்தான் நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இரண்டாவது தரம் சுட்டிருப்பேன். பிறகு மெதுவாக ஸ்புரூஸ் மரங்களுக்குள் போய்விட்டது. நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். காய்ந்த புல்லில் இரத்தம், கறுப்பாக, பச்சை கலந்து. கையுறையால் தொட்டு மணந்தேன், வயிற்று நாற்றம். அரை மணி நேரத்தில் இருட்டிவிடும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான், சொன்னால் அத்தனை பேரும் விடியவிடியத் தேட வேண்டும், அடுத்த நாளும் தேட வேண்டும், புதிதாக வந்தவன் கெடுத்துவிட்டான் என்பார்கள். போர்மன் வந்து பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், ஒரு சொல். மரத்தில் பட்டிருக்கும் என்று அவரே சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் காலையில் அந்தப் பக்கம் அண்டங்காக்கைகள் சுற்றின. தேர்மோசிலிருந்து கோப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கையுறையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, வழியில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு ஏன் வேட்டைக்குப் போகவில்லை என்று நீ கேட்பாய், முதுகுவலி என்று சொல்வேன். அம்மாவுக்கும் இது தெரியாது.

அந்தக் கைட்டும் கேள்விதான் கேட்கிறார். ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி.

ரைபிளை இப்போதிருந்தே முழங்காலிட்டும் உட்கார்ந்தும் சுட்டுப் பழகு, மேசையில் வைத்துச் சுட்டுவிட்டுச் சரி என்று போகாதே. சப்பாத்தைக் கோடையிலேயே போட்டு நடக்கத் தொடங்கு. சின்னவனின் அறிவியல் கண்காட்சிப் படம் பார்த்தேன், உன் நெற்றி அப்படியே. தங்கச்சி ஈஸ்டருக்கு வருகிறாள். ஞாயிறு எடு, அம்மாவோடு கதைத்த பிறகு போனை என்னிடம் தரச் சொல்.

மூன்றாம் பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஏற்கெனவே கணினியில் நிரப்பி அனுப்பிவிட்டாய் என்றால், இதைப் புதிதாக நிரப்பி அனுப்பு, முதலாவதில் பிழை விட்டுவிட்டேன் என்று சொன்னால் போதும், ஏன் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள்.

அப்பா