முதல் நிரல்மொழி பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கணினிக்கு நிரல் எழுதக் கற்கப்போவதாகவும், முதல் மொழி பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா, சி மொழியா என்று ஆளுக்கொன்று சொல்வதால் குழம்பியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். எதற்கு வேலைவாய்ப்பு அதிகம், எது வேகமானது என்ற கேள்விகளை இப்போதைக்கு ஒதுக்கி வை. நீ செய்யும் தவறை அந்த மொழி உன்னிடம் எப்படிச் சொல்கிறது என்பதை மட்டும் பார். ஏனென்றால், தொடக்கத்தில் எழுதுவதைவிடத் திருத்துவதில்தான் உன் நேரம் கழியும்.

நான் முதலில் கற்றது சி. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அம்மொழி, யூனிக்ஸ் போன்ற இயங்குதளத்தையே எழுதும் கைதேர்ந்தவர்களுக்கானது. இரண்டாவது வாரத்தில், ஓர் எண்ணை உள்வாங்கும் ஸ்கேன்எஃப் வரியில், அந்த எண்ணை வைத்திருக்கும் மாறியின் பெயருக்கு முன் இட வேண்டிய ஆம்பர்சண்ட் (&) குறியை விட்டுவிட்டேன். நாம் எழுதியதைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணைத் தட்டி என்டரை அழுத்தியதும் நிரல் அப்படியே நின்றுபோனது. எந்த வரியில், ஏன் என்று ஒரு சொல்லும் இல்லை. மூன்று இரவுகள் அதன் முன் உட்கார்ந்திருந்துவிட்டு, இது நமக்கு வராத வேலை என்று முடிவுகட்டும் நிலைக்கே வந்துவிட்டேன். உனக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்: வயதைக் கேட்டு, அதனுடன் ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும். விசைப்பலகையில் தட்டும் 25 நிரலுக்குள் எண்ணாக வருவதில்லை, எழுத்துகளாகவே வருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அதனுடன் ஒன்றைக் கூட்டினால், எந்த முணுமுணுப்பும் இன்றி 25க்குப் பின்னால் 1ஐ ஒட்டி, 251 என்று விடை வரும். பைத்தானோ அந்த இடத்திலேயே நின்று, வரி எண்ணைக் காட்டி, எழுத்துச் சரத்துடன் (எழுத்துகளின் தொடருடன்) சரத்தைத்தான் சேர்க்க முடியும், முழு எண்ணைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிடும். அந்த ஒரு செய்தியிலேயே தரவு வகை, அதாவது ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்ற பிரிவு, என்றால் என்ன என்பது உனக்குப் புரிந்துவிடும்.

ஆகவே பைத்தானில் தொடங்கு என்பதே என் கருத்து. 1991இல் அதை வெளியிட்ட கீடோ வான் ராசம், அதற்கு முன் கற்போருக்கென்றே உருவான ஏபிசி என்ற மொழிக்காக உழைத்தவர். அடைப்புக்குறிகளுக்குப் பதில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியான உள்தள்ளலே நிரலின் அமைப்பைக் காட்டுவதும் அங்கிருந்து வந்ததுதான். அதற்காகப் பைத்தான் எல்லாப் பிழையையும் பிடித்துவிடும் என்று நம்பிவிடாதே. மாறியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டி அதில் மதிப்பை வைத்தால், புதிய மாறி ஒன்றை உருவாக்கிக்கொண்டு பேசாமல் போய்விடும். அந்தத் தவறை சி உடனே பிடித்துவிடும்.

இணையப் பக்கம் செய்வதுதான் உன் ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்டிலேயே தொடங்கலாம்; செய்ததை உடனே கண்ணால் பார்க்கும் மகிழ்ச்சி மற்றக் குறைகளை ஈடுசெய்யும். எதை எடுத்தாலும், உனக்கே பயன்படும் ஒரு சிறு நிரலை, உன் மாதச் செலவுக் கணக்கையாவது, முழுமையாக எழுதி முடிக்கும்வரை மொழியை மாற்றாதே.

முதல் பிழைச் செய்தி வந்ததும் அதை அழித்துவிடாமல் படித்துப் பார்; பைத்தான் என்றால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படி. அப்படியும் புரியாவிட்டால் அதை அப்படியே எனக்கு அனுப்பு. எந்த நேரமானாலும் உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா