தடுமாறும் நாக்கை வைத்து மூளையை அளக்காதீர்கள்

மதிப்பிற்குரிய தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கும் விவாத நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் உங்களில் ஒருவர் நடத்திய இரவு விவாதத்தைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். எந்தத் தொலைக்காட்சி, எந்தத் தலைவர் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். மறுநாள் அதே துணுக்கை மற்றவர்களும் எடுத்து ஓட்டியதால், ஒருவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகவும் இருக்காது.

செய்தியாளர் சந்திப்பில் ஒரு கேள்வி. அந்தத் தலைவர் பதில் சொல்ல ஆரம்பித்து, ஒரு சொல்லில் நின்றுவிடுகிறார். உதடு குவிகிறது, ஒலி வரவில்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறக்கிறார். அப்புறம் வேறொரு சொல்லைப் போட்டு வாக்கியத்தை முடிக்கிறார். அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்து, வேகத்தைக் குறைத்து, விவாதம் முடியும்வரை திரையின் மூலையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டீர்கள். கீழே பெரிய எழுத்தில், "பேச்சே வராதவருக்குப் பதவி எதற்கு?" என்று ஒரு வரி. நான்கு பேர் உட்கார்ந்து அவருக்கு அறிவு இருக்கிறதா இல்லையா என்று பேசினார்கள். அவரிடம் கேட்ட கேள்வி என்ன, அவர் சொன்ன பதில் சரியா தப்பா என்பதை ஒருவர்கூடத் தொடவில்லை.

அவருக்கு நான் ஓட்டுப் போட்டவன் இல்லை. அவருடைய முடிவுகள் பலவற்றில் எனக்கு உடன்பாடும் இல்லை. அவற்றுக்காக அவரை நிற்க வைத்துக் கேள்வி கேளுங்கள், நானும் உட்கார்ந்து பார்ப்பேன். நான் கேட்பது ஒன்றுதான். ஒருவர் தடுமாறிப் பேசுவதை, அவருக்கு அறிவில்லை என்பதற்குச் சாட்சியாகக் காட்டாதீர்கள்.

நானும் திக்கிப் பேசுகிறவன். அந்தச் சில நொடிகள் வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்பதை உங்கள் நிகழ்ச்சியே காட்டிவிட்டது: யோசிக்கத் தெரியாமல் விழிக்கிறார். உள்ளே நடப்பது வேறு. சொல்ல வேண்டியது முழுதாகத் தயாராக இருக்கும். எந்தச் சொல்லில் மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்பதும் பல நேரம் முன்கூட்டியே தெரிந்துவிடும். வாய் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மாற்றுச் சொல் ஒன்றைத் தேட வேண்டும், அதற்கு ஏற்றாற்போல் வாக்கியத்தின் மீதியையும் மாற்ற வேண்டும். எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதையும் பார்த்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். அப்படிக் கிடைக்கும் சொல் பெரும்பாலும் நாம் நினைத்த சொல்லாக இருக்காது. "பற்றாக்குறை" என்று சொல்ல வந்தவன், உதடு ஒட்டிக்கொண்டதால் "அது அவ்வளவா இல்ல" என்று முடிப்பேன். கேட்பவருக்கு நான் விவரம் தெரியாத ஆளாகத் தெரிவேன். பள்ளியில் விடை தெரிந்தும் "தெரியல சார்" என்று சொல்லி உட்கார்ந்தது உண்டு. அது எளிதாக வாயில் வந்தது, அவ்வளவுதான் காரணம்.

பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. ஒரு வேலைக்கான நேர்காணலில் முதல் கேள்வியே பெயர்தான். முதல் எழுத்திலேயே அடைத்துக்கொண்டது. எதிரில் இருந்த அதிகாரி சிரித்தபடி, "என்ன தம்பி, பேரே மறந்துபோச்சா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் பதற்றத்தைக் குறைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக எளிதாகிக்கொண்டே வந்தன. பக்கத்து அறையில் மற்றவர்களிடம் துறை சார்ந்த கணக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் எந்த ஆண்டு படிப்பை முடித்தேன் என்று, நிறுத்தி நிறுத்தி, கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். என் சான்றிதழ்கள் அவர் முன்னால்தான் கிடந்தன, ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கடினமான கேள்வியில் தோற்றிருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. அந்தக் கேள்வி என்னிடம் வரவே இல்லை.

வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவர் திக்கிப் பேசுகிறார். குழந்தைகளில் 100க்கு குறைந்தது 5 பேராவது ஏதோ ஒரு வயதில் திக்குகிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே சரியாகிவிடுகிறது. பரம்பரைக்கும், பேச்சுக்கான தசைகளை மூளை இயக்கும் விதத்துக்கும் இதில் பங்கு உண்டு. அறிவுக் குறைவுக்கு இதில் பங்கு கிடையாது. இவர்களும் உங்கள் நேயர்கள்தான். அந்த இரவு எத்தனை வீட்டில் ஒரு சிறுவன் அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் துணுக்கு ஓட ஓட, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

பேச்சின் ஓட்டமும் அறிவும் ஒன்றல்ல என்பது மருத்துவத்துக்குப் புதிய செய்தியும் இல்லை. 1861இல் பாரிஸ் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில், அங்கேயே நெடுநாள் இருந்த ஒரு நோயாளி பால் புரோக்கா என்ற மருத்துவரின் சிகிச்சைக்கு வந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதைத் தவிர அவரால் ஏறக்குறைய எதுவும் சொல்ல முடியாது. எத்தனை ஆண்டுகளாக இந்த மருத்துவமனையில் இருக்கிறீர்கள் என்று புரோக்கா கேட்டார். அவர் கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். 21 ஆண்டுகள். கணக்கு சரி. 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் தங்குதடையில்லாமல் பேசினார்கள், ஏற்ற இறக்கம்கூட இயல்பாக இருந்தது. பேச்சில் பொருள்தான் இல்லை. இவை மூளையின் ஒரு பகுதி சேதமானதால் வந்தவை. திக்கல் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் சொல்லும் பொருளும் தனித்தனியே பழுதாகக்கூடியவை என்றால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றுக்குத் தீர்ப்பு எழுதுவது எப்படிச் சரியாகும்?

சரளமான பேச்சுக்கு மயங்குவது படிக்காதவர்கள்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை "டாக்டர் ஃபாக்ஸ்" என்று அறிமுகம் செய்து, உளவியல், மருத்துவக் கல்வித் துறையினர் முன்னால் பேச வைத்தார்கள். தலைப்பு கணிதம் சார்ந்தது, அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாக, இல்லாத சொற்களையும் கலந்து, நகைச்சுவையோடும் தன்னம்பிக்கையோடும் பேசினார். கேட்டவர்களில் பெரும்பாலோர் உரை தங்களைச் சிந்திக்கத் தூண்டியதாக எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஆய்வு 1973இல் வெளியானது. உங்கள் விவாத மேடையில் தினமும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

பேச்சு வராத தலைவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை 1776இல் வரைந்த தாமஸ் ஜெபர்சனுக்கு மேடை ஒத்துவராது, குரல் முன்வரிசையைத் தாண்டாது. அதிபரான பிறகு 1801இல் நாடாளுமன்றத்துக்கு ஆண்டு அறிக்கையை நேரில் வாசிக்காமல் எழுதியே அனுப்பினார். 1913 வரை மற்ற அதிபர்களும் அப்படியே செய்தார்கள். பிரிட்டனில் 1948இல் தேசிய மருத்துவச் சேவையைக் கொண்டுவந்த அனூரின் பெவன் சிறுவயதில் கடுமையாகத் திக்கியவர். தடுக்கும் சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடித் தேடியே சொல்வளம் சேர்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

காமராசரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அடுக்குமொழி அலையடித்த காலத்தில் "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லில் ஊரை அனுப்பி வைத்தவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1964இலும் 1966இலும் இந்தியாவின் அடுத்த பிரதமர் யார் என்பதை முடிவு செய்வதில் முன்னால் நின்றார். இன்றைக்கு அவர் செய்தியாளர் சந்திப்புக்கு வந்தால், அந்த ஒற்றைச் சொல் பதிலை வெட்டி எடுத்து என்ன தலைப்புப் போடுவீர்கள்?

அப்புறம், வெளிநாட்டுத் தலைவர்களின் பேச்சை "நான்காம் வகுப்புத் தரம்", "எட்டாம் வகுப்புத் தரம்" என்று பிரித்து நீங்கள் போடும் செய்திகள். அந்த அளவுகோல் பெரும்பாலும் 1975இல் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சிக் கையேடுகளுக்காகச் செய்யப்பட்ட ஒரு சூத்திரம். வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று எண்ணுவதோடு அதன் வேலை முடிந்தது. பேசுகிறவர் முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டு பேசுவதில்லை, எழுத்தில் பெயர்ப்பவர்தான் வைக்கிறார். அவர் நான்கு புள்ளி கூடுதலாக வைத்தால் தலைவர் இரண்டு வகுப்பு கீழே இறங்கிவிடுவார். இதையா ஒருவரின் அறிவுக்கு மதிப்பெண் என்று காட்டுவது?

பேச்சு எதையுமே காட்டாது என்று நான் வாதாடவில்லை. அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்டு ரீகனுக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் இருப்பது 1994இல் அறிவிக்கப்பட்டது. அவர் அதிபராக இருந்தபோது செய்தியாளர்களுக்குத் தயாரிப்பில்லாமல் சொன்ன பதில்களை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. ஆண்டுகள் போகப் போக அவர் புழங்கிய வெவ்வேறு சொற்கள் குறைந்தன, "விஷயம்", "ஏதோ ஒன்று" போன்ற பொதுச் சொற்கள் கூடின என்று அது காட்டியது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் புஷ்ஷின் பதில்களில் அந்த மாற்றம் தெரியவில்லை. அந்த ஆய்வாளர்கள் பல ஆண்டுப் பேச்சை எடுத்து, அவரை அவரோடே ஒப்பிட்டார்கள். அப்படியும், பதவியில் இருந்தபோதே அவருக்கு நோய் இருந்தது என்று தங்கள் ஆய்வு நிரூபிக்கவில்லை என்றார்கள். நீங்கள் சில நொடிகளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் முடிவுக்கு வந்துவிட்டீர்கள்.

இதன் விலையை அந்தத் தலைவர் மட்டும் கொடுக்கவில்லை. கணீரென்ற தொண்டை உள்ளவர்களைத்தான் கட்சிகள் செய்தித் தொடர்பாளர் ஆக்குகின்றன, ஏனென்றால் உங்கள் மேடையில் நிற்க அதுதான் வேண்டியிருக்கிறது. "இந்தப் புள்ளிவிவரம் என்னிடம் இப்போது இல்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பவர் உங்கள் மேடையில் திணறியவர் ஆகிறார். துண்டுச்சீட்டைப் பார்த்துச் சரியான எண்ணைச் சொன்னவர் கேலிக்கு ஆளாகிறார். பார்க்காமல் தப்பான எண்ணை முழங்கியவருக்குக் கைதட்டல். வேறொரு மொழிக்காரர் தன் தாய்மொழியில் தெளிவாகச் சொல்லக்கூடியதை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னால் அதற்கும் சிரிப்பொலி சேர்க்கிறீர்கள். எழுதிக் கொடுத்தவர் வேறு, வாசித்தவர் வேறு என்று தெரிந்தே, டெலிப்ராம்ப்டரில் ஓடிய உரையை "அபார அறிவு" என்கிறீர்கள். நாடே குரலுக்கு மதிப்பெண் போட்டுப் பழகிவிட்டது. பட்ஜெட்டைப் படித்தவர்கள் யார், கோப்பில் என்ன எழுதினார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

கோபத்தில் மடல் நீண்டுவிட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

தயவுசெய்து அந்தத் துணுக்கை ஓட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் இணையப் பக்கத்தில் இன்னும் கிடக்கும் அந்தத் தலைப்பை மாற்றுங்கள். ஒரு தலைவரின் பதிலைக் காட்டுவதாக இருந்தால் கேள்வியையும் பதிலையும் முழுதாகக் காட்டுங்கள், இடையில் அவர் எவ்வளவு நேரம் நின்றாலும் சரி. அவர் அறிவை எடைபோட வேண்டுமா? கேட்டதற்குப் பதில் சொன்னாரா, சொன்ன எண் சரியா, போன ஆண்டு சொன்னதோடு பொருந்துகிறதா, தப்பென்று தெரிந்தபோது திருத்திக்கொண்டாரா என்று பாருங்கள். அதில் அவர் தேறவில்லை என்றால் விடாதீர்கள். ஒருவர் தடுமாறிப் பேசுவதை மட்டும் அறிவின்மைக்குச் சாட்சியாக இனி காட்டாதீர்கள்.

இது குறித்து உங்கள் நிகழ்ச்சியிலேயே பேச விரும்பினால் அழையுங்கள், வருகிறேன். பேசி முடிக்க எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்தை மட்டும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்