செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கான நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்காக 2009-ல் அரசு தொடங்கிய அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பங்கள் அனுப்பியிருக்கிறோம். மற்றபடி இந்த ஆண்டு நம் நேரமெல்லாம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் வயிற்றுக்கும்தான் போனது.

எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் எடை ஏறவில்லை என்று எழுதிவிட்டால், வீட்டில் பழி பாட்டி மேல்தான் விழுகிறது. "ஒழுங்கா ஊட்டலையா?" என்ற கேள்வியை நம் சங்கத்திலாவது யாரும் கேட்க வேண்டாம். உடம்பின் எதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு குடல் சுவரில் இருக்கிறது. வைரஸ் முதலில் கைவைப்பதும் அங்கேதான். அதனால்தான் தின்றது ஒட்டுவதில்லை, வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வருகிறது. எடை குறைந்துவரும் பிள்ளைக்கு வழக்கத்தைவிட 50 முதல் 100 சதவீதம் கூடுதல் கலோரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பசியே இல்லாத பிள்ளைக்கு அதை ஊட்டுவது லேசான வேலையா?

ஒரு வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை இட்லியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டது. அடம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நம் களப்பணியாளர் அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கிலும் கன்னத்தின் உட்புறமும் வெள்ளையாகப் படிந்திருந்தது, அடியில் சிவந்த ரணம். பூஞ்சைத் தொற்று. அது தொண்டைக்குள் இறங்கினால் எச்சில் விழுங்கவே வலிக்கும். டாக்டர் கொடுத்த மருந்தில் புண் ஆறியதும் பிள்ளை தானாகவே பருப்புச் சோறு கேட்டது. சாப்பிட மறுத்தால் முதலில் வாயைப் பாருங்கள், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நாமக்கல்காரர்களான நமக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் தெம்பு வரும் என்று பச்சை முட்டையை உடைத்து ஊற்றுவதும், மலிவாகக் கிடைக்கிறதே என்று விரிசல் முட்டை வாங்குவதும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் ரத்தம்வரை போய்விடும். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள்.

வயிற்றுப்போக்கு நீடித்தால் சில பிள்ளைகளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது, தயிர் ஒத்துக்கொள்ளும். ஓ.ஆர்.எஸ். கரைசலோடு தரும் துத்தநாக மாத்திரையைப் பலர் போக்கு நின்றதுமே நிறுத்திவிடுகிறார்கள். 14 நாளும் கொடுக்க வேண்டும். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதனுடன் சேர்த்துக் கொடுக்காதீர்கள், அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எந்த நேரத்தில் கொடுப்பது என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு கூட்டத்திலும் பிள்ளைகளுக்கு எடையும் உயரமும் பார்த்து, ஏ.ஆர்.டி. மையத்தில் எழுதித் தரும் பச்சைப் புத்தகத்தோடு ஒப்பிட நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. அதற்கு ஒரு நல்ல எடை மிஷின் வாங்க உறுப்பினர்களின் அனுமதி வேண்டும். அதையும் சேர்த்து இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்