தாத்தா பெயரில் புதன்கிழமை

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். தாத்தா பெயரில் மடத்துக்கு ஒரு மண்டபம் கட்டித் தரலாமா என்று போனில் கேட்டாய் அல்லவா, சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. மறுநாளே மதுரை பஸ்ஸைப் பிடித்து மடத்துக்குப் போய்ப் பெரிய சாமியிடம் சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனார். சின்னச் சாமி ஒருவர் அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விதைகளைத் தோட்டத்தில் ஊன்றுவதற்காக முறத்தில் காயவைத்திருந்தார்கள். சுவரில் ஒரு காலண்டர். தேதிக் கட்டத்துக்குள் அன்றைய அன்னதான உபயதாரர் பெயர். அமாவாசை, பௌர்ணமியில் எழுத இடமில்லை. மற்ற நாட்கள் பாதிக்குமேல் வெள்ளை. "விசேஷ நாளுக்குக் கொடுக்க ஆள் இருக்கு. புதன்கிழமைப் பசிக்குத்தான் ஆள் குறைவு" என்றார்.

எனக்குப் பாஸ்கர சேதுபதி ஞாபகம் வந்தார். விவேகானந்தர் சிகாகோ போக உதவிய நம் ராமநாதபுரத்து ராஜா. 1897 ஜனவரியில் சாமி பாம்பனில் வந்து இறங்கியபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தானும் சேர்ந்து வண்டியை இழுத்தவர். ராமநாதபுரத்துக் கூட்டத்தில், சாமி வந்ததன் நினைவாகப் பஞ்ச நிவாரண நிதிக்குக் கொடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டார். நினைவுத் தூணும் எழுப்பினார்தான். ஆனாலும் அந்தப் பஞ்ச நிதிதான் என் மனதில் நிற்கிறது.

நீ அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டதால், இந்திய வம்சாவளிக்காரர்களுக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தாலும் உன் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கென்று டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் மடம் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் வரவேண்டும். உள்ளூர்க் கணக்கில் போட்டுவிடாதே, அவர்களுக்குச் சிக்கலாகும்.

அப்புறம் ஒன்று. கொடுத்துவிட்டு மடத்தை இப்படி நடத்துங்கள், அப்படி நடத்துங்கள் என்று சொல்லக் கூடாது. மடத்துக்குப் போர்வெல் மோட்டார் வாங்கிக் கொடுத்த வருஷம் நான் சொன்னேன். பெரிய சாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது எனக்கு முன்வரிசையில் தனியாகப் பாய் விரித்திருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் தூணோரம் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பாயில் உட்கார எனக்கு உடம்பு கூசியது. இன்றுவரை மறக்கவில்லை.

வெள்ளையாக இருந்த புதன்கிழமைகளில் தாத்தா பெயரைப் பென்சிலால் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ சரி என்றால் பேனாவால் எழுதிவிடுவார்கள்.

அன்புடன்,
அப்பா